ஏரிக்கரையில் வின்ச்சை நிறுத்தினேன்

18.6.1986

அன்பு மகன் சென்னகிருஷ்ணனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் ஜீப்பு எல்லாரும் சுகம். பிலாய் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், ஊத்தங்கரை வைத்தியர் கொடுத்த எண்ணெயைத் தேய்க்கச் சொன்னால் நாற்றம் தாங்கவில்லையாம். மா இந்த வருஷம் நல்ல காய்ப்பு, ஆனால் மழை முந்திக்கொண்டது, அந்த மழையைப் பற்றித்தான் எழுத வந்தேன், உட்கார்ந்து நிதானமாகப் படி, ஒரு வாரமாக எனக்கு வயிறு குளிர்ந்து கிடக்கிறது.

சித்திரையில் பெங்களூர்க்காரர் ஒருவர் ஜீப்பை விலைக்குக் கேட்டு வந்தார். வெள்ளைச் சட்டையோடு மண்ணில் படுத்து அடியில் புகுந்து பார்த்துவிட்டு, வில்லீஸ் ஜீப்பு எத்தனையோ ஓடுகிறது, கம்பெனியிலேயே முன்னால் வின்ச்சு பூட்டி அனுப்பிய வண்டி, அதுவும் இன்னும் ரோப்பு இழுக்கிற வண்டி, நான் பார்த்ததே இல்லையம்மா என்றார். அணைக்கட்டு வேலைக்கு வந்து ஏலத்தில் எடுத்தது என்று அப்பா பெருமை பேசிக்கொண்டே கொடுத்துவிட இருந்தார். என் பிள்ளை லிவர் பிடித்த வண்டி, அவன் ஊர் திரும்பாமல் இது வாசலைத் தாண்டாது என்று நான்தான் ஒரே பிடியாக நின்றேன். நீ போன பிறகு, சிக்கிக்கொண்ட வண்டியை ரோப்பு போட்டு இழுக்க அப்பா கீழே நின்று கொக்கி மாட்ட, சீட்டில் உட்கார்ந்து வின்ச்சு லிவர் பிடிப்பது நான்தானே. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினால் ஊரே வேடிக்கை பார்க்கிறது, பார்க்கட்டும்.

போன வெள்ளிக்கிழமை கங்கப்பன் லாரி மாம்பழ லோடோடு மாங்கூழ் கம்பெனிக்குப் போகும்போது ஏரிக்கரை சரிந்து, தண்ணீருக்குப் பக்கத்தில் போய்ச் சாய்ந்து நின்றது. டிராக்டர் வந்து பார்த்துச் சேற்றில் வழுக்கியதுதான் மிச்சம். உன்னைத் தன் லாரியின் ஸ்டெப்னி டயர் திருடன் என்று போலீசில் எழுதிக் கொடுத்து, வேலைக்கு எடுத்த ஓசூர் கம்பெனி உன்னை வாசலோடு திருப்பி அனுப்ப வைத்தானே, நீ மாமா மாமா என்று வாய் நிறையக் கூப்பிட்ட அந்தப் பாவி, நம் வீட்டு வாசலில் வந்து கையைப் பிசைகிறான். மூன்று வருஷமாக என்னைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டு போனவன், "தங்கச்சி, நீதாம்மா காப்பாத்தணும்" என்கிறான். தங்கச்சியாம்! உன் அப்பாவைத் தெரியாதா, உடனே சாவியை எடுத்துவிட்டார். நான் சேலையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

கரைமேல் ஜீப்பை நிறுத்தி, பின்பக்கம் புளியமரத்தோடு சங்கிலி போட்டுக் கட்டி, ரோப்பை இறக்கி மாட்டினார் அப்பா. லாரி முனகிக்கொண்டு ஏறியது. பாதிச் சரிவு வந்ததும் கிளட்சை மிதித்து லிவரை நடுவில் தள்ளி வின்ச்சை நிறுத்திவிட்டேன். ரோப்பு விறைத்து நின்றது, லாரி அதில் தொங்கியது. முதலில் டிரைவரை இறங்கச் சொன்னேன், அவன் யார் பெற்ற பிள்ளையோ. அப்புறம் கங்கப்பனைப் பார்த்து, "என் பையன் ஸ்டெப்னி எடுத்தானா இல்லியான்னு ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லு, இல்லன்னா நான் ஊட்டுக்குப் போறேன், லாரி இப்படியே கெடக்கட்டும்" என்றேன். கீழேயிருந்து அப்பா, "ஏய், பாவம், உட்டுடு" என்று கத்துகிறார். இவன் அப்புறம் பேசிக்கலாம் தங்கச்சி என்று குழைகிறான். நான் செருப்பை மாட்டி ஒரு காலை வெளியே வைத்தேன். அவ்வளவுதான், "அவன் எடுக்கல, நாந்தான் ஓசூருல வித்துட்டேன், மாமனாருக்குப் பயந்து அவன் பேர்ல போட்டுட்டேன்" என்று அலறினான். காதில் சரியாக விழவில்லை என்று இன்னொரு தரம் சொல்ல வைத்தேன். லாரி வாங்கிக் கொடுத்த அந்த மாமனார் அங்கேயே நின்றிருந்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மருமகன் முகத்தைப் பார்க்காமலே நடந்துவிட்டார். எனக்குச் சர்க்கரைப் பொங்கல் தின்றதுபோல் இருந்தது. அதற்கப்புறம்தான் லிவரைப் போட்டு லாரியை மேலே ஏற்றினேன்.

அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, பொம்பளைக்கு இவ்வளவு ஆங்காரம் ஆகாதாம். ஊர் பார்க்க உன் சட்டையைப் பிடித்துப் போலீஸ் இழுத்துப் போனபோது ஆயிற்றா? எனக்குப் பாதிதான் ஆறியிருக்கிறது கண்ணு. கழுத்தை நெரித்துக் கேட்டால் யார்தான் சொல்லமாட்டார்கள் என்று கங்கப்பன் இப்போது டீக்கடையில் அளக்கிறானாம். மீதியை நீ வந்துதான் தீர்க்க வேண்டும்.

மாரியம்மன் உன் தலைமேல் கை வைத்துக் காப்பாள், நீண்ட ஆயுசோடு இரு சாமி. லீவுக்கு இன்றே எழுதிக் கொடு, மறந்துவிடாதே. பொங்கலுக்கு வந்ததுபோல் முக்காடு போட்டுக்கொண்டு கடைசி பஸ்ஸில் வந்து, விடியுமுன் ஓடுகிற வேலை இனி வேண்டாம். பகல் பஸ்ஸில் வா. நல்ல சட்டையாகப் போட்டுக்கொள். கங்கப்பன் வீட்டுக்கு எதிரிலேயே இறங்கு, நான் அங்கே நிற்பேன், பெட்டியை நான் தூக்கிக்கொள்கிறேன், நீ கையை வீசி நட.

உன் வரவுக்கு வழி பார்க்கும்
அம்மா சரசம்மா