நிறம் மாறாத தாமிரக் கரைசல்

திருப்பதி,
18-6-1960

மரியாதைக்குரிய நைனாவுக்கு லோயிஸ் எழுதுவது. மூச்சிரைப்பு தேவலையா? பாப்பா அம்மா எங்கே என்று கேட்டு அழுகிறாளா?

ஆய்வுக்கூடத்தில் என் சீனியர் முனிரத்தினம் நான் சோதனையில் எடுத்த அளவுகளைத் தன் பெயரில் எழுதிக்கொள்கிறார் என்றேனே. அவற்றை நம்பித்தான் என் நிரந்தர வேலையும், பாப்பாவை இங்கே அழைத்துக்கொள்வதும். கேட்டதற்கு, "உங்க திருத்தணிதான் ஆந்திராவ விட்டு மெட்ராஸ் ஸ்டேட்டுக்குப் போயிடுச்சே, உனக்கு இங்க இன்னா வேலை?" என்றார்.

தாலோசயனின் என்ற நீலச்சாயக் கரைசலில் லேசாக மின்சாரம் விட்டால் கோபால்ட் சேர்த்தது நிறம் மாறும், தாமிரம் சேர்த்தது மாறாது. என் நோட்டில் இரண்டையும் வேண்டுமென்றே மாற்றி எழுதிவைத்தேன். அவர் அதை அப்படியே காப்பியடித்து நேற்று பேராசிரியர் முன் வாசித்தார்.

"செஞ்சு காட்டுங்கண்ணே" என்றேன்.

தாமிரக் கரைசல் நீலமாகவே நின்றது. என் வயிறு குளிர்ந்தது நைனா.

சாயங்காலம் வந்து கெஞ்சினார். "நோட்டுல தப்பா எழுதினது நீதான்னு சொல்லிடும்மா. என் வேலை போய்க்கினு இருக்குது."

"யார் நோட்டுண்ணே?" என்று கேட்டேன். திரும்பிப் போய்விட்டார். பேராசிரியரிடம் நான் வாய் திறக்க மாட்டேன்.

பாப்பா போட்டுக் கழற்றிய கவுன் ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள். தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

உங்கள் மகள்,
லோயிஸ்