ஏரிக்கரையில் நீ எடுத்த கிளாஸ்

அன்பு மகள் உதயாவுக்கு அப்பா எழுதறது. நானும் உங்கம்மாவும் இங்க கடவுள் புண்ணியத்துல நல்லா இருக்கோம், அந்தக் கனடா குளிர்ல நீ சளி இருமல் இல்லாம இருக்கணும்னு அம்மா மாடம்பாக்கம் கோயில்ல விளக்கு போட்டுட்டு வர்றா. போன் இருக்கும்போது எதுக்கு லெட்டர்னு நினைப்ப. போன்ல நீ குறுக்க குறுக்கப் பேசுவ, லெட்டர்ல அந்தத் தொல்லை இல்ல. இங்க மழை விட்டு விட்டுப் பேயுது, தாம்பரம் ரோடெல்லாம் சேறு, ஆனா முகூர்த்த மாசம்ங்கறதால நம்ம கல்யாண மண்டபம் ஒரு நாளும் காலி இல்ல.

லீவுல வந்தப்போ இங்க காலேஜ்ல வேலைக்கு உன்னை ஒரு கிளாஸ் எடுத்துக் காட்டச் சொன்னாங்களே, அதைப் பத்திதான் எழுதறேன். இங்கிலீஷ்ல எழுதக் கத்துக்குடுக்கறவ போர்டுல எழுதிப் போட்டுக் கத்துக்குடுக்க வேண்டியதுதானே. நீ இன்னா பண்ண, சதுப்பு நிலத்தைப் பத்தி நாலு பக்கம் படிக்கக் குடுத்துட்டு, பசங்களைக் கூட்டிக்கினு போய் நம்ம மண்டபத்துக்குப் பின்னாடி ஏரிக்கரையில உக்கார வெச்ச. வாயை மூடிக்கினு பாருங்க, அழகு கிழகுன்னு எழுதாதீங்க, கண்ணுக்குத் தெரிஞ்சதை மட்டும் எழுதுங்கன்னியாம். சினேகான்னு ஒரு பொண்ணு அப்படியே எழுதிட்டா. மண்டபத்துச் சுவத்துல இருந்து வர்ற பைப்பு, அதுல ஊத்தற கக்கூஸ் தண்ணி, மலையா கிடக்கற எச்சில் இலை, மாலை கட்டற நூல் கால்ல சுத்தி நொண்டிக்கினு போன மடையான் கொக்கு, ஒண்ணு விடல. அதைத்தான் நீ எல்லாருக்கும் படிச்சுக் காட்டச் சொல்லிக் கைதட்டின. அது யார் மண்டபம்னு பசங்களுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். அது காலேஜ் பத்திரிகையில வந்து, அதிகாரி வந்து பைப்பை அடைச்சிட்டுப் போய், பெரிய பேஜாராப் போச்சு. இப்ப லாரி வெச்சு அள்ளறேன், எங்க கொட்டறேன்னு கேக்காத. பறவை பாக்கணும்னா வண்டலூர் ஜூல டிக்கெட் வாங்கு, இல்ல கோவளத்துக்குப் போய் கடலை எழுதச் சொல்லு, கடல் யார் பொழப்பையும் கெடுக்காது. பெத்த பொண்ணே காட்டிக்குடுத்தாளேன்னு எனக்கு வயிறு பத்திக்கினு எரியுது, இன்னும் அடங்கல.

போன வாரம் காலேஜ் தாளாளர் சிவகுமார் சார் வந்தாரு, அவர் வீட்டுக் கல்யாணம் நம்ம மண்டபத்துலதான். உன் கிளாஸ் எல்லாருக்கும் புடிச்சுப்போச்சாம், வேலை ஆர்டர் ரெடியா இருக்காம், அனுப்பிடலாமான்னு ஒரு மரியாதைக்கு என்னைக் கேட்டாரு. வேணாம்னுட்டேன். அவளுக்கு இங்க வர இஷ்டமே இல்ல சார், சும்மா ஆசை காட்டிட்டுப் போயிட்டான்னு சொன்னேன். வேற ஆளைப் போட்டுட்டாரு. நீ அங்கயே இரும்மா, அங்க ஆறு இருக்கு, காடு இருக்கு, எவன் பைப்பை வேணா எழுதச் சொல்லு. உன் ரூம்ல இப்ப மண்டபத்து அண்டா குண்டானெல்லாம் அடுக்கியிருக்கேன், உன் புஸ்தகத்தை எல்லாம் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டாச்சு.

அம்மாதான் பாவம். நீ வந்துடுவன்னு உன் ரூமுக்குத் திரைச்சீலை தைக்கக் குடுத்திருந்தா. வேலையை நீதான் வேணாம்னுட்டன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன். பெத்தவளை விட அந்த ஊர் பெருசாப் போச்சான்னு அழுதுகினே இருக்கா, சரியா சாப்பிடறதில்ல. இந்தக் காலத்துப் பசங்க அப்படித்தான்னு நானும் தேத்திப் பாத்துட்டேன்.

நோய் நொடி இல்லாம, பேரோட புகழோட நூறு வயசு இருக்கணும்னு அப்பா மனசார ஆசீர்வாதம் பண்றேன். வேளைக்குச் சாப்பிடு. ஒண்ணு மட்டும் மறந்துடாத, ஞாயித்துக்கெழமை அம்மா போன் பண்ணுவா, வேலையை நான்தான் வேணாம்னேன்னு உன் வாயாலயே சொல்லிடு. அவளுது நெஞ்சுல ஸ்டென்ட் வெச்ச உடம்பு. பொண்ணு வரலன்னா அழுதுட்டுத் தாங்கிக்குவா, புருஷன்தான் தடுத்தான்னு தெரிஞ்சா தாங்க மாட்டா. அவ இருக்கணுமா வேணாமான்னு நீயே முடிவு பண்ணிக்க.

இப்படிக்கு,
உன் மேல உசுரையே வெச்சிருக்கற அப்பா,
மாணிக்கவேல்