ஒண்ணும் குடுக்கல டாக்டர்

என் செல்ல மகனுக்கு அம்மா எழுதுறது. நானும் அப்பாவும் இங்க நல்லா இருக்கோம், அப்பாவோட முட்டி மட்டும் மாடிப்படியைக் கண்டா நல்லா இல்ல. நீயும் மருமகளும் குட்டிப்பொண்ணும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு தினமும் நினைச்சுக்கிட்டே இருக்கேன், அதுலயும் குட்டிக்கு இருமல் விட்டுதா, பால் குடிக்கும்போது மூக்கு அடைக்காம இருக்கான்னு அதே யோசனை. நேத்துதானே போன்ல பேசினோம், இப்ப என்ன கடிதம்னு கேப்ப. போன்ல அந்தப் பக்கம் நீ ஸ்பீக்கரைப் போட்டுடுற, இந்தப் பக்கம் அப்பா போட்டுடறார், ஊர் கூடித் தேர் இழுக்குற மாதிரி ஆகிடுது. இது அப்படிச் சொல்ற விஷயம் இல்ல, அதான் பேனாவை எடுத்தேன்.

முதல்ல நீ அனுப்பின அந்த போட்டோ. அப்பா அதைப் பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்து, பேத்திக்கு அப்படியே என் மூக்குன்னு பூரிச்சுப் போயிட்டார். நான் மூக்கைப் பாக்கல, காலைப் பாத்தேன். எட்டு மாசக் குழந்தைக்குப் பாதம் பன்னு மாதிரி இருக்காதேப்பா, சாக்ஸுக்குள்ள ரெண்டு பக்கமும் புடைச்சுக்கிட்டு நிக்குதே அது என்னன்னு, நீ குளிக்கப் போன நேரமாப் பாத்து மருமககிட்ட கேட்டேன். அவ சிரிச்சுட்டா. அத்தை, அது வெங்காயம், நான் இல்ல, உங்க பிள்ளைதான், ஆபீஸ்ல யாரோ சொன்னாங்களாம், நறுக்கி உள்ளங்கால்ல வச்சா காய்ச்சலை இழுத்துடுமாம்னா. அடேய், காலேஜ்ல படிக்கும்போது நான் ஒரு டம்ளர் மிளகுக் கஷாயம் நீட்டினா இதுக்கு ஆதாரம் என்ன, எந்த ஆராய்ச்சியில இருக்குன்னு கேட்டு என் வாயை அடைச்ச விஞ்ஞானி நீ. தன் பிள்ளை ரெண்டு தடவை இருமிட்டா எப்பேர்ப்பட்ட விஞ்ஞானியும் வெங்காயம் உரிக்க உக்காந்துடுவான்னு இப்பவாவது தெரிஞ்சுதா? இதுவரைக்கும் நான் சிரிச்சுக்கிட்டுதான் இருந்தேன். அடுத்து அவ சொன்னதுலதான் என் சிரிப்பு நின்னு போச்சு. அங்க டாக்டர், வீட்ல ஏதாவது வைத்தியம் பண்ணீங்களான்னு கேட்டப்போ, நீ பச்சைப்பிள்ளை மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டு ஒண்ணும் இல்லைன்னு சொன்னியாமே. அந்த ஒண்ணும் இல்லைக்குத்தான் இந்தக் கடிதம்.

நான் குழந்தைகள் டாக்டர்கிட்ட டோக்கன் குடுக்குற வேலைக்குச் சேந்து பதினோரு வருஷம் ஆச்சு. நீ ஒரு தடவைதான் வந்து பாத்திருக்க, சுவரோரமா பதினெட்டு நாற்காலி, அதுல மூணு ஆடும், கதவுக்குப் பக்கத்துல என் மேஜை, மேஜை மேல எடை பாக்குற மெஷின், தெர்மாமீட்டர், நம்பர் போட்ட பிளாஸ்டிக் வில்லை. அந்த மேஜையில உக்காந்தே எனக்கு மூக்கு ரொம்பக் கூர்மையாகிடுச்சு. பூண்டு தேய்ச்ச குழந்தை தெருமுனையில திரும்பும்போதே நான் டோக்கன் எடுத்து வச்சுடுவேன். தைலத்துல ஊறினது, இஞ்சிச்சாறு குடிச்சது, வேப்பெண்ணெய் பூசினது, ஆவி பிடிக்க வச்சு மூஞ்சி சிவந்து போனது, எல்லாம் தெரியும். வெளிய நாற்காலியில உக்காந்திருக்குற வரைக்கும் பெத்தவங்க கைமருந்தைப் பத்திதான் பேச்சு, நீங்க எத்தனை பூண்டுப் பல்லு போட்டீங்க, நான் ஏழு போட்டேன்னு போட்டிதான். உள்ள போய் டாக்டரம்மா வீட்ல ஏதாவது குடுத்தீங்களான்னு கேட்டவுடனே, எண்ணெய் வழியுற பிள்ளையை மடியில வச்சுக்கிட்டே, ஒண்ணும் குடுக்கல டாக்டர்! அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது. நம்ம டாக்டரம்மாவுக்குக் கை தங்கம், வாய் சாட்டை. ஒரு தடவை ஒருத்தர் உண்மையைச் சொல்லிட்டு கால் மணி நேரம் திட்டு வாங்கினார், அது பதினெட்டு நாற்காலிக்கும் கேட்டுச்சு. அதுலேருந்து எல்லாரும் வாயைத் தச்சுக்கிட்டுதான் உள்ள போவாங்க.

போன மாசம் ஒரு திங்கட்கிழமை காலையில வெல்டிங் பட்டறைக்காரர் ஒருத்தர் வந்தார். ஆள் கதவு அகலம், கையெல்லாம் நெருப்புப் பொறி பட்ட புள்ளி, அந்தக் கையில பத்து மாசப் பொண்ணு. ரெண்டு நாளா இருமலும் காய்ச்சலும்னார், பொண்டாட்டி மில்லுல காலை ஷிப்டாம். எடை மெஷின்ல படுக்க வச்சேன். எந்தக் குழந்தையும் அந்தத் தட்டுல படுக்க வச்சா கத்தும், இது சும்மா கிடந்துச்சு, கண்ணு பாதி சொருகியிருந்துச்சு. கிட்டக் குனிஞ்சா கற்பூர வாசனை குப்புன்னு அடிச்சுது. என்னய்யா போட்டீங்கன்னு கேட்டேன், ஒண்ணுமில்லம்மா, அலமாரியில பூச்சிக்கு வச்சது, துணியில ஒட்டியிருக்கும்னார். வரிசையெல்லாம் பாக்காம நேரா உள்ள அனுப்பினேன். டாக்டரம்மா நெஞ்சுல குழாயை வச்சுக்கிட்டே வீட்ல என்ன குடுத்தீங்கன்னு கேட்டாங்க, அதே பாட்டு, ஒண்ணும் குடுக்கல டாக்டர். அவங்க பரிசோதனை பண்ணிக்கிட்டிருக்கும்போது நான் அந்த ஆளை வெளிய கூப்பிட்டு, கையெழுத்து வேணும்னு ஒரு பொய்யைச் சொல்லி ஓரமா நிறுத்தினேன். மெதுவா, நானும் கற்பூரத்தை எண்ணெயில காய்ச்சி என் பையனுக்குப் போட்டவதான் தம்பி, நான் உங்களைத் திட்டப் போறதில்ல, எவ்வளவு போட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்கன்னேன். அப்புறம் கட்டிடம் இடிஞ்ச மாதிரி எல்லாம் வந்துது. மார்ல முதுகுல தேய்ச்சாராம், மூக்குல ரெண்டு சொட்டாம், உள்ளேருந்து சளியை அறுக்கணும்னு யாரோ சொன்னாங்கன்னு ஒரு ஸ்பூன் வாயிலயும் ஊத்திட்டாராம், ஒரு மணி நேரம் கூட ஆகலியாம்.

நான் கதவைத் தட்டாம உள்ள போனது அன்னைக்குத்தான். கற்பூரம், வாய் வழியா, ஒரு ஸ்பூன்னு சொல்லி முடிக்கல, குழந்தைக்குக் கை கால் வெட்டி இழுக்க ஆரம்பிச்சுடுச்சு. டாக்டரம்மா ஒரு வார்த்தை திட்டலப்பா. குழந்தையை ஒருக்களிச்சுப் படுக்க வச்சாங்க, ஊசி போட்டாங்க, வெட்டு நின்னதும் என்னை மார்ல இருக்குற எண்ணெயை சோப்பு போட்டுக் கழுவச் சொன்னாங்க, போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்ன விஷம், இன்ன நேரம், இவ்வளவு உள்ள போயிருக்குன்னு சொல்லிட்டு ஆம்புலன்ஸ்ல தானே ஏறிப் போயிட்டாங்க. அந்த வெல்டிங்காரர் நடு ரூம்ல செருப்பு ஒரு கால், வெறுங்கால் ஒரு கால்னு நின்னார், நான்தான் இன்னொரு செருப்பைத் தேடிக் குடுத்து ஆட்டோ ஏத்தி விட்டேன். நாலாம் நாள் குழந்தை பிழைச்சு வீட்டுக்கு வந்துடுச்சு. போன வாரம் எடை பாக்க வந்தப்போ தட்டுல படுக்க வச்சவுடனே என்ன கத்து கத்துச்சு தெரியுமா, காது குளுந்துது.

இப்ப நீ, அம்மா எவ்வளவு சாமர்த்தியமா பொய் சொல்லி அந்த ஆள்கிட்டேருந்து உண்மையைக் கறந்துட்டான்னு நினைப்ப. டாக்டரம்மாவும் அப்படித்தான் நினைச்சாங்க. கையெழுத்து விஷயம் மட்டும்தான்டா பொய். உனக்கு ஒரு வயசுல மூளைக் காய்ச்சல் வந்துதுன்னு அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாரே, என் பிள்ளை எமன்கிட்டயே மல்லுக்கட்டி வந்தவன்னு. உனக்கு வந்தது வெறும் சளிக் காய்ச்சல். அப்பா வெளியூர் போயிருந்தார், பக்கத்து வீட்டம்மா சொன்னாங்கன்னு நான் கற்பூர எண்ணெய் காய்ச்சி மூக்குலயும் விட்டேன், நாக்குலயும் தடவினேன். உனக்கு வெட்டு வந்துடுச்சு. ஆஸ்பத்திரியில மூணு டாக்டர் மாத்தி மாத்திக் கேட்டாங்க, மூணு பேர்கிட்டயும் ஒண்ணும் குடுக்கலன்னேன். எதனால வந்துதுன்னு தெரியாம, மூளைக் காய்ச்சலா இருக்கும்னு உன் முதுகுத் தண்டுல ஊசி குத்தி நீர் எடுத்தாங்க. நீ அலறினது கதவுக்கு வெளிய எனக்குக் கேட்டுது. அப்பக் கூட என் வாய் திறக்கல. புருஷன் என்ன சொல்வார், மாமியார் என்ன சொல்வாங்கன்னு அதுதான் பெருசாத் தெரிஞ்சுது. முதுகுல அந்தச் சின்னப் புள்ளி ஏதுன்னு நீ கேக்கும்போதெல்லாம் நான் அடுப்புல பாலை வச்சிருக்கேன்னு எழுந்து போயிடுவேனே, அந்தப் பால் இருபத்தொன்பது வருஷமாப் பொங்கிக்கிட்டே இருக்கு. உன் பக்கமும் கொஞ்சம் லாபம் உண்டு, எட்டாம் வகுப்புல நீ கணக்குல பன்னெண்டு மார்க் வாங்கினப்போ, மூளைக் காய்ச்சல் வந்த பிள்ளை, பாவம்னு அப்பா ஒரு அடி கூட அடிக்கல. அது என் பொய்க்குக் கிடைச்ச வட்டி, அனுபவிச்சது நீ. ஆனாலும் என்னை மன்னிச்சுடுப்பா.

ஆஸ்பத்திரியிலேருந்து டாக்டரம்மா திரும்பி வந்து என்னை உள்ள கூப்பிட்டாங்க. பாராட்டுவாங்கன்னு முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டுப் போனா, எத்தனை வருஷமா இவங்க உங்ககிட்ட மட்டும் உண்மையைச் சொல்றாங்கன்னு கேட்டாங்க. பதினோரு வருஷமான்னேன். ஏன் என்கிட்ட சொல்லலன்னாங்க. எனக்கும் அன்னைக்கு வாய்ல சனி, நீங்க திட்டுவீங்க, நான் திட்ட மாட்டேன், அவ்வளவுதான் டாக்டரம்மான்னு சொல்லிட்டேன். சீட்டு கிழிஞ்சுதுன்னு நினைச்சேன். அவங்க மேஜை டிராயரைத் திறந்து, அப்ப இனிமே நீங்களே கேளுங்கன்னு ஒரு நீள நோட்டை எடுத்துக் குடுத்தாங்க. இப்ப எடை, காய்ச்சல் எழுதுறதுக்கு அடுத்தாப்ல நான்தான் கேக்கறேன். ஏதாவது குடுத்தீங்களான்னு கேக்கறதில்ல, என்ன குடுத்தீங்கன்னு கேக்கறேன், கல்யாண வீட்ல என்ன சாப்பிட்டீங்கன்னு கேக்குற மாதிரி. கொட்டறாங்கப்பா! ஒரு அப்பன் கஷாயத்தைப் பிள்ளைக்குக் குடுக்க முன்னாடி தான் ஒரு சொம்பு குடிச்சுப் பாத்துட்டு ரெண்டு நாள் கக்கூஸை விட்டு வெளிய வரல, அதுக்குள்ள பிள்ளைக்குத் தானாச் சரியாகிடுச்சு. ஒரு அம்மா அஞ்சு வயசுப் பையனுக்கு இஞ்சிச்சாத்துல தேனை ஊத்து ஊத்துன்னு ஊத்திக் குடுத்துட்டாங்க, இருமல் நின்னு பத்து நாளாச்சு, பையன் நிறுத்தல. டாக்டரம்மா நோட்டைப் பாத்து, தொந்தரவு இல்லாததுக்குப் பச்சைப் பென்சில், ஆபத்தானதுக்கு சிவப்புப் பென்சில்னு கோடு போட்டு, குரலை உயர்த்தாம எடுத்துச் சொல்றாங்க. அவங்க குரலை உயர்த்தாம இருக்கப் படுற பாடு தனிக் கதை, காது மடல் செவந்து போகும்.

முந்தாநாள் டாக்டரம்மாவோட வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்துல பூகோள வாத்தியார், நாலு வயசு மகனுக்கு மூக்கு ஒழுகுதுன்னு தூக்கிட்டு வந்து எல்லாரையும் போல டோக்கன் வாங்கி உக்காந்தார். எனக்குப் பூண்டு வாசனை மூக்குல ஏறிடுச்சு. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே, என்ன சார் குடுத்தீங்கன்னு நோட்டைத் திறந்தேன். மனுஷன் இந்தப் பக்கம் பாத்தார், அந்தப் பக்கம் பாத்தார், குரலை இறக்கி, நேத்து அவங்களே பூண்டை நசுக்கி எண்ணெயில சூடுபண்ணி உள்ளங்கால்ல தேய்ச்சாங்கம்மா, வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்கன்னார். வைத்தியம் பார்த்தவர் தாய், தகவல் கொடுத்தவர் தகப்பன்னு முத்து முத்தா எழுதி உள்ள அனுப்பினேன். அப்புறம் உள்ளேருந்து ஒரு சிரிப்பு வந்துது பாரு, பதினோரு வருஷத்துல அந்த ரூம்லேருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததில்ல. சாயங்காலம் அந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழிச்சுடலாமான்னு கேட்டாங்க. பக்கத்துக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கேன் டாக்டரம்மான்னு சொல்லிட்டேன். வேற வழி இல்லாம தானே பச்சைப் பென்சிலை எடுத்துக் கோடு போட்டுக்கிட்டாங்க.

ஆகையால ராசா, வெங்காயத்துக்கும் பச்சைக் கோடுதான், அதால ஒரு நன்மையும் இல்ல, கெடுதலும் இல்ல, சாக்ஸுதான் நாறும். ஆனா ஆபீஸ்ல சொன்னாங்கன்னு கற்பூரம் கலந்த எதையும் குட்டி கிட்டக் கொண்டு போகாத, தேனை ஒரு வயசு ஆகுற வரைக்கும் நாக்குல வைக்காத, கொதிக்கிற தண்ணியைப் பக்கத்துல வச்சு ஆவி காட்டாத. காய்ச்சல்னா மெல்லிசாத் துணி போடு, அடிக்கடி பால் குடுக்கச் சொல்லு. மூச்சு வேகமா வாங்கினாலோ, விலா எலும்புக்கு நடுவுல உள்ள இழுத்தாலோ, பால் வேண்டாம்னு துவண்டு கிடந்தாலோ எதையும் உரிச்சுக்கிட்டு உக்காராம தூக்கிக்கிட்டு ஓடு. என்ன குடுத்தீங்கன்னு கேட்டா குடுத்ததைச் சொல்லு, திட்டினா வாங்கிக்கோ, திட்டு உடம்புல ஒட்டாது.

நீயும் மருமகளும் நூறு வருஷம் சேந்து நல்லா இருக்கணும், குட்டி தீர்க்காயுசா இருந்து நீ என்னை அலைக்கழிச்சதைவிட அதிகமா உன்னை அலைக்கழிக்கணும், அதுதான் என் ஆசீர்வாதம். அடுத்த தடவை அவ எடை எவ்வளவுன்னு கிராமோட எழுது, சும்மா நல்லா இருக்கான்னு எழுதினா எனக்குப் போதாது. இந்தக் கடிதத்தை அப்பாதான் தபால்ல சேக்கணும். கல்யாணம் ஆனதுலேருந்து நான் யாருக்கு எழுதினாலும் அந்த மனுஷன் உறையை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் படிக்கப் படாத பாடு படுவார், என்னமோ எனக்குத் தெரியாத மாதிரி. இந்தத் தடவை பசை ஒட்டாம குடுக்கப் போறேன். கடைத்தெரு பெஞ்சுல உக்காந்து சாவகாசமாப் படிச்சுட்டு வரட்டும். நான் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்கேன்.

இப்படிக்கு,
உன் மேல உசிரா இருக்குற
அம்மா