ரெண்டு அறை போதும்

மாலத்தீவு, 12.6.1996

அன்புள்ள அத்தானுக்கு,

மூட்டுவலி குறைந்ததா? நம் பிள்ளை வேணி நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? இங்கே பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு குறையுமில்லை.

போன கடிதம் திரும்பி வந்துவிட்டது. நீங்கள் மறுபடி வாடகை வீடு மாறிய செய்தி பிறகுதான் கிடைத்தது. உறையைப் பார்த்த, என்னோடு வேலைபார்க்கும் மேலப்பாளையம் சித்தீக் சார், "என்ன டீச்சர், ஒங்க வீட்டுக்குக் காலு மொளச்சிட்டோ?" என்றார். நானும் சிரித்தேன். அடுத்த வகுப்புக்குத்தான் போக முடியவில்லை.

பாளையங்கோட்டையில் பார்த்த அந்த ரெண்டு அறை வீட்டையே முடித்துவிடுங்கள். அண்ணன் கட்டுமுன் தம்பி வீடு வாங்கக்கூடாதென்று ஒன்பது வருடம் பொறுத்தோம். பொறுத்தால் பெரிசாக வாங்கலாம் என்று இனியும் எழுதாதீர்கள். ஆடி பிறந்தால் இந்த வருடமும் போய்விடும். வீட்டுப் பணத்துக்காகத்தானே இங்கே வந்தேன்; வீடு அமைந்தால்தான் நான் ஊருக்கு வரமுடியும்.

சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் எழுதுங்கள்.

தபால் பையைக் கட்டுகிறார்கள். உங்கள் அண்ணாச்சியிடம் கேட்காமல் முன்பணம் கொடுத்துவிடுங்கள், அத்தான். பிறகு நான் வந்து அவர் காலில் விழுந்துகொள்கிறேன்.

சித்ரலேகா