பன்னிரண்டாவது வீட்டின் குறைகள்

மார்ச் 4

அன்புள்ள மேஸ்திரிக்கு,

நான் சுகம். லாட்ஜ் அறையில் ஜன்னல் திறக்காது, மற்றபடி குறையில்லை. போனில் பேசினால் விலை பேசுகிற மாதிரியே பேசுகிறேன் என்று சொல்லிப் போன வாரம் பட்டென்று வைத்துவிட்டாய். சரி, எழுதியாவது பார்ப்போம்.

இந்த ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரே வரிசையில் நான்கு கடைகள். உரிமையாளர் கடன் கட்டாததால் வங்கி எடுத்துக்கொண்டது. இருபதாம் தேதி ஏலம். மூன்று நாளாக எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, எத்தனை பேர் அந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏலத்தில் வீடு எடுப்பது, அதில் நாமே குடியிருந்து பழுது பார்ப்பது, விற்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவது என்று பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. இந்தக் கடைகள் கிடைத்தால் வாடகை வரும். கால் நீட்டி உட்காரலாம்.

அதற்கு நம் பன்னிரண்டாவது வீடு விற்றாக வேண்டும். பூச்சு வேலை முடிந்ததா? சுவரில் ஆணி அடிக்காதே. பார்க்க வருகிறவர்களை முதலில் மாடிக்குக் கூட்டிப் போ. அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வந்தால் சமையலறை சின்னது என்று யாருக்கும் தோன்றாது. இரண்டாவது சாவி என்னிடம் இருக்கிறது. வாங்குகிறவர் கையில் வழக்கம்போல நானே கொடுப்பேன்.

பவர் பத்திரம் இணைத்திருக்கிறேன். எல்லா வீட்டையும் போல இதுவும் உன் பெயரில் இருப்பதால், நீ கையெழுத்துப் போட்டால்தான் நான் விற்க முடியும். பென்சிலால் குறி போட்ட ஐந்து இடத்திலும் போட்டு அனுப்பு. பதினொரு தடவை படிக்காமல் போட்டவள், இப்போது போய்ப் படித்துத் தொலைக்காதே.

பாப்பா விண்ணப்பித்த வேலை என்ன ஆயிற்று? ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறாளே.

உன்
ஏலக்காரன்


மார்ச் 10

அன்புள்ள ஏலக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. இதிலும் பேரம்தான் பேசியிருக்கிறீர்கள்.

பூச்சு முடிந்தது. கூடத்துக்கு வெள்ளை அடிக்கச் சொன்னீர்கள், லேசான மஞ்சள் அடித்திருக்கிறேன். வீடு பார்க்க இதுவரை நான்கு பேர் வந்தார்கள். எல்லோரும் நல்ல மாதிரி. ஏனோ ஒருவரும் திரும்பி வரவில்லை.

வியாழக்கிழமை இந்த வீட்டின் பழைய சொந்தக்காரர் வந்தார். லேத் பட்டறை வைத்திருந்தாரே, அவர்தான். அவருக்கு வருகிற தபால் இன்னும் இங்கேதான் வருகிறது. நான் ஜன்னல் திட்டில் அடுக்கி வைத்திருந்தேன். உள்ளே வாருங்கள் என்று எவ்வளவோ கூப்பிட்டேன். "வேணாங்க, உள்ள வந்தா மாடி லைட்டை அணைச்சிருக்கான்னு பாக்கத் தோணும்" என்று வாசலிலேயே நின்றுவிட்டார். புது முகவரியைத் தபால் ஆபீசில் எழுதிக் கொடுக்கக் கூடாதா என்று கேட்டேன். "கொடுக்கலாம்தான். அந்த ரூம் அட்ரஸை எழுதணும்னு பேனாவை எடுத்தாலே கை வர மாட்டேங்குது" என்றார். போகும்போது, மேற்குச் சுவர் எத்தனை முறை பூசினாலும் மழைக்கு ஒழுகும், மேலே ஒரு தகடு வைத்தால் நிற்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். நம்மிடம் வீட்டைப் பறிகொடுத்தவர், நமக்கே வைத்தியம் சொல்லிவிட்டுப் போகிறார். அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

கையெழுத்து அடுத்த தபாலில். பேனாவில் மை இல்லை. பாப்பா விஷயமும் அப்போது எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடுங்கள், டீயை மட்டும் குடித்துக்கொண்டு கிடக்காதீர்கள்.

இப்படிக்கு
மேஸ்திரி


மார்ச் 22

அன்புள்ள மேஸ்திரிக்கு,

கடைகள் நமக்கே! கடைசியில் என்னோடு ஒரு மருந்துக் கடைக்காரர்தான் மோதினார். அவர் மனைவியைப் பார்க்கத் திரும்பினார், நான் கையைத் தூக்கிவிட்டேன். டெபாசிட் கட்டியாயிற்று. நம் கையிருப்பில் முக்கால்வாசி அது. பாக்கியை ஏப்ரல் இருபதுக்குள் கட்டாவிட்டால் டெபாசிட்டும் போய்விடும், கடையும் போய்விடும்.

இந்த நேரத்தில் நம் தரகர் போன் பண்ணுகிறார். "அண்ணே, அண்ணி வீட்டை விக்கல. வர்றவங்களை வெரட்டுறாங்க" என்கிறார். வாசலில் நிறுத்தி வைத்தே குறைகளைச் சொல்கிறாயாம். மேற்குச் சுவர் ஒழுகுமாம். குளியலறைத் தண்ணீர் வடிய அரை மணி ஆகுமாம். அழைப்பு மணி அடிக்காதாம். மூன்றாவது படியில் கால் இடறுமாம். போதாததற்கு, பக்கத்து வீட்டுக்காரர் விடியற்காலையில் எழுந்து டிரம் அடிப்பாராம். ஏண்டி, பக்கத்தில் இருப்பது காலி மனை! அங்கே யார் வந்து டிரம் அடித்தார்கள்?

சிரிப்பு வருகிறது, கோபமும் வருகிறது. ஒன்பதாவது வீட்டில் கரையானையே மறைத்து விற்ற கெட்டிக்காரி நீ. உனக்கு என்ன வந்தது? ஒளிக்காமல் எழுது. கையெழுத்தையும் போட்டு அனுப்பு. இருபதாம் தேதிக்கு இன்னும் நான்கு வாரம்தான் இருக்கிறது.

உன்
ஏலக்காரன்


மார்ச் 28

அன்புள்ள உங்களுக்கு,

டிரம் மட்டும் பொய். மற்றதெல்லாம் உண்மை.

ஒளிக்காமல் எழுதச் சொன்னீர்கள். பாப்பாவின் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தது நான்தான். வெளியூரில் தங்கிப் படிக்கிறவள், லீவுக்கு வந்தபோதும் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள், நான் எழுதித் தருகிறேன் என்று வாங்கினேன். நிரந்தர முகவரி என்ற இடத்தில், கை தன் பாட்டுக்கு ஒன்பதாவது வீட்டு முகவரியை எழுதிவிட்டது. நாம் அதிக நாள் இருந்தது அங்கேதானே, மூன்று வருஷம். அதை விற்று நாலு வருஷம் ஆகிவிட்டது என்று அந்த நிமிஷம் எனக்கு உறைக்கவில்லை.

அந்த அலுவலகம் நேர்முகத்துக்குத் தபாலில்தான் கூப்பிடும். கடிதம் அங்கே போயிற்று. அந்த வீட்டுக்காரர்கள் பாவம், இரண்டு வாரம் வைத்திருந்து, நம்மைத் தேடித் தரகரிடம் கொடுத்து அனுப்பினார்கள். பிரித்துப் பார்த்தால், நேர்முகம் முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "விடும்மா. என்னைக் கேட்டிருந்தா எனக்கும் எது நம்ம அட்ரஸ்னு சட்டுனு வந்திருக்காது" என்றாள். இருபத்திரண்டு வயதுக்குள் பன்னிரண்டு வீடு பார்த்தவள் வேறு என்ன சொல்வாள்? மறுவாரம்தான் லேத் பட்டறைக்காரர் தபாலுக்கு வந்து நின்றார். அவரிடம் கட்டுக் கட்டாகக் கடிதத்தை எடுத்துக் கொடுக்கும்போது எனக்கு நம் பாப்பாவின் கடிதம்தான் ஞாபகம் வந்தது.

எனக்குக் கடை வேண்டாம், இந்த வீடு வேண்டும். ஒழுகட்டும். தகடு வைத்துவிட்டேன். கூடத்தில் மூன்று ஆணியும் அடித்துவிட்டேன். நீங்கள் சுவரைப் பற்றிக் கவலைப்படுவீர்கள் என்று தெரிந்தேதான் அடித்தேன்.

கையெழுத்துப் போட மாட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

மேஸ்திரி


ஏப்ரல் 3

மேஸ்திரிக்கு,

பாப்பா விஷயம் படித்து மனசு விட்டுப்போயிற்று. அவளிடம் பேசினேன். ஆனால் அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒரு தாளில் முகவரி தப்பாக எழுதியதற்கு, பத்தொன்பது வருஷ உழைப்பைத் தூக்கிக் கொடுக்கச் சொல்கிறாயா? யாருக்காக ஊர் ஊராக அலைந்தேன்? ஜன்னல் திறக்காத இந்த அறையில் கிடப்பது எனக்கென்ன ஆசையா?

வீடு வீடு என்கிறாய். கடைகள் கைக்கு வரட்டும், இதைவிட நல்ல வீடு பார்க்கிறேன். ஏப்ரல் இருபது. பேனாவில் மை இல்லாவிட்டால் வாங்கிக்கொள்.

ஏலக்காரன்


ஏப்ரல் 9

அன்புள்ள உங்களுக்கு,

ஐந்து இடத்திலும் கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன். தரகரிடமும் சொல்லிவிட்டேன். முதலில் வந்த, வங்கியில் வேலை பார்க்கும் தம்பதிக்கு வீடு பிடித்துத்தான் இருந்ததாம். உடனே பணம் கொடுப்பார்களாம்.

கோபத்தில் போடவில்லை. உங்கள் டெபாசிட் போய், நீங்கள் யாரிடமாவது கைகட்டி நிற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. இந்த முறை முழுதாகப் படித்துவிட்டுத்தான் போட்டேன்.

ஆனால் பதின்மூன்றாவது வீட்டுக்கு நான் வரமாட்டேன். பாப்பா தங்கியிருக்கும் தெருவில் ஒரு அறை வாடகைக்குப் பார்த்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை சாமான் கட்ட இனி என்னால் ஆகாது. முழங்கால் வலி என்று சொன்னால் எண்ணெய் தேய் என்பீர்கள். வலி அங்கே இல்லை.

ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்து, மஞ்சள் பூசிவிட்டேன். தெரியாது. நான் வேலையில் குறை வைக்கிறவள் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேஸ்திரி


ஏப்ரல் 21

அன்புள்ள மேஸ்திரிக்கு,

உன் பத்திரம் பதின்மூன்றாம் தேதி வந்தது. ஒரு வாரம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். தரகர் தினமும் போன் பண்ணினார். எடுக்கவில்லை. நேற்று மாலை வங்கி மூடும்வரை அதன் எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஷட்டர் இறங்கியது. டெபாசிட் போயிற்று. கடைகளை மருந்துக் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். முட்டாள்தனம்தான், சந்தேகமேயில்லை. ஆனால் உன்னை அந்த வாடகை அறையில் வந்து பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்தபோது, அது இதைவிடப் பெரிய முட்டாள்தனமாகத் தோன்றியது.

பத்திரத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். ஐந்து கையெழுத்தும் இருக்கிறதா என்று எண்ணிக்கொள்.

இனி நான் எழுதுவது வாங்குபவன் என்ற முறையில். உங்கள் வீட்டின் குறைகளைத் தரகர் மூலம் அறிந்தேன். மேற்குச் சுவர், குளியலறை, மூன்றாவது படி, மணி, டிரம் எல்லாம் தெரியும். ஏலத்தில் சொல்வார்களே, இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று, அப்படியே எடுத்துக்கொள்ளச் சம்மதம். கையில் பணம் அதிகம் இல்லை. பூச்சு வேலை ஓரளவு தெரியும். சனிக்கிழமை வந்து பார்க்கலாமா? அனுமதி கிடைத்தால் கதவைத் தட்டுகிறேன்.

ஒரு பெட்டி ஆணி வாங்கியிருக்கிறேன்.

உன்
ஏலக்காரன்


ஏப்ரல் 24

அன்புள்ள உங்களுக்கு,

கிழித்த காகிதத்தைக் கூட்டிப் பெருக்கியாயிற்று. தரகரிடம் வீடு விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். நீங்கள் வருவீர்கள் என்று பாப்பாவும் சனிக்கிழமை வருகிறாள். வாடகை அறைக்காரரிடம் வரவில்லை என்று சொல்லியாயிற்று. டெபாசிட்டை நினைத்து எனக்கும் நெஞ்சு வலிக்கிறது. வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து கொஞ்ச நேரம் வருத்தப்படலாம்.

மூன்றாவது படியில் பார்த்துக் கால் வையுங்கள், இன்னும் சரி பண்ணவில்லை.

கதவைத் தட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வீடு பார்க்க வருகிறவர்கள்தான் தட்டுவார்கள். உங்களிடம் சாவி இருக்கிறதே, திறந்துகொண்டு வாருங்கள்.

மேஸ்திரி