கழன்று வராத நீலம்

1934 தை மாதம், ஞாயிறு இரவு. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

நாளை மறுநாள் தைப்பூசம். கோயில் வாசலில் வைக்க நான் செய்த மயில் முடிந்துவிட்டது. உடம்பு பழைய தேயிலைப் பெட்டிப் பலகை, கழுத்து அதன் ஈயத் தகடு, தோகை முழுக்க உடைந்த பீங்கான். தேயிலைத் தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி இன்று பார்க்க வந்தார். தோகையைத் தடவினார்.

"ஏ பெருசு, இம்புட்டு நீலம் எங்க புடிச்ச?"

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். எந்தத் துண்டு எந்த வருஷம் உடைந்தது என்பதுகூட எனக்கு நினைவிருக்கிற பெருமை விடவில்லை.

"பங்களாக் குப்பையிலதாங்க. முந்தின துரையோட சூப்புத் தட்டு."

"துரை மாட்டெறச்சி தின்ன தட்டையா முருகன் மயிலுக்கு ஒட்டுன?"

"சாம்பல் போட்டு மூணு தரம் கழுவினேனுங்க."

"கழுவினா மாடு எந்திரிச்சுப் போயிருமா? எல்லாத்தையும் பேத்துட்டு போத்தல் கண்ணாடிய ஒட்டு."

சாராயப் போத்தல் மட்டும் சுத்தமாம். மகள் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் முழுக்க உளியோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு துண்டும் அசையவில்லை. ஓங்கித் தட்டினால் பலகைதான் பிளக்கிறது. சுண்ணாம்பில் கருப்பட்டி கலந்து அப்படி இறுக்கி ஒட்டியிருக்கிறேன். போன வருஷ மயில் மழையில் தோகை உதிர்ந்தபோது, ஊர் பார்க்க என்னைத் திட்டியதும் இதே கங்காணிதான்.