டேலியாவைத் தின்ற வீடு

என் காதைத் திருகி வளர்த்த, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போன அக்காவுக்கு,

முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். இப்போது நான் சொல்லப்போகும் கதையை நீலகிரி மாவட்டத்தில் ஒரு ஜீவன் நம்பாது. பர்லியார் குரங்குகள்கூட வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு, நம்பாத முகத்தோடு திரும்பிக்கொள்ளும். நீ இருந்திருந்தால் கையில் களைக்கொத்தோடு நிமிர்ந்து, "ஏன்டா ராசு, காலங்காத்தாலயே புளுகு மூட்டையை அவுத்துட்டியா?" என்று கேட்டிருப்பாய். அப்படிக் கேட்க ஆளில்லாததால்தான் எழுதுகிறேன்.

கதைக்கு முன்னால் என் கோபத்தை வாங்கிக்கொள். மூன்று மாதமாகச் சுமந்துகொண்டு திரிகிறேன். அதை இறக்கி வைத்தால் தொட்டபெட்டா இன்னும் ஒரு முழம் உயரும்.

கட்டிலுக்கடியில் இரண்டு பொருட்களை ஒளித்து வைத்திருந்தாய். ஒன்று, மணல் நிரப்பிய மரப்பெட்டி. இன்னொன்று, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் செருகிய ஒரு கவர். அதற்குள் வயிற்றில் கட்டி என்று சொன்ன உன் ஸ்கேன் ரிப்போர்ட். அதிலிருந்த தேதி போன வருடம் மார்ச் மாதம். நீ குன்னூர் வீட்டு வாசலில் மயங்கி விழுந்தது கார்த்திகையில். நடுவில் எட்டு மாதம்! அந்த எட்டு மாதமும் என்ன செய்தாய்? எருப் போட்டாய். டேலியாவுக்குக் குச்சி நட்டுக் கட்டினாய். தோட்டப் போட்டிக்கு நடுவர்கள் வந்து பார்க்கும்வரை வலிக்கிற வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றாய். மூன்றாம் பரிசு. ஒரு பிளாஸ்டிக் கோப்பை. அதற்குப் பிறகாவது வாயைத் திறந்தாயா?

நீ போய் ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அந்தக் கவர் வெளியே வந்தது. என் பிக்கட்டித் தோட்டத்திலிருந்து வழக்கம்போல ஒரு பை காரட்டோடு உன் வீட்டுக்கு வந்திருந்தேன். உன் நாய் கலெக்டர், சின்னவள் சிந்துவின் பள்ளிக்கூட ஷூ ஒன்றைக் கட்டிலுக்கடியில் இழுத்துப்போய்விட்டது. ஷூவை எடுக்க மச்சான் பெட்டியை இழுத்தார். பெட்டியோடு கவரும் வந்தது.

"மாப்ளே, இந்தத் தேதியைக் கொஞ்சம் பாருங்க," என்றார். கவரை என்னிடம் நீட்டினார்.

பார்த்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டோம். உன் கணவர் அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. பெட்டியிலிருந்த மணலை விரலால் கிளறிக்கொண்டே இருந்தார். கிளறக் கிளறக் கிழங்காக வந்தது.

"இதென்ன கெழங்குங்க மாப்ளே? சரோஜா எதுக்கு மணல்ல போட்டு வெச்சிருக்கா?"

அக்கா, இந்த இடத்தில்தான் உன் தம்பி, பிக்கட்டிக் கிழங்குலகச் சக்கரவர்த்தி, மண்ணுக்கடியில் விளையும் எதையும் மூக்காலேயே கண்டுபிடிக்கும் மகா மேதை, வாயைத் திறந்தான். என் காரட் ஒன்று பிக்கட்டியில் இறங்கி மேட்டுப்பாளையத்தில் நுனியை நீட்டியது என்று உன் பிள்ளைகளிடம் சொன்ன அதே வாய். கண்ணில் அந்தத் தேதி மட்டும்தான் நின்றது. கிழங்கை நான் ஒழுங்காகப் பார்க்கவே இல்லை.

"இது தெரியாதுங்களா மச்சான்? மலைச் சக்கரைவள்ளி. மணல்ல வெச்சாத்தான் கெடாது. எந்திரிங்க, வேக வெப்போம். புள்ளைக்குப் பசிக்கும்."

கையை எங்காவது வைத்தாக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நான் தோல் சீவினேன், மச்சான் கடுகு தாளித்தார். காய்ந்த தண்டோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கிழங்கைத் தனியாக ஒதுக்கி வைத்தேன். கலெக்டர் வந்தது. அதைக் கவ்விக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனது. போனால் போகட்டும் என்று விட்டேன்.

சிந்து சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள். "மாமா, இனிப்பாவும் இல்ல, காரமாவும் இல்ல. ஆனா நல்லாருக்கு," என்றாள். நான் இரண்டாவது முறை போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் பெரியவள் நிவேதா டியூஷன் முடிந்து வந்தாள். காலியான பெட்டியைப் பார்த்தாள். எங்கள் தட்டுகளைப் பார்த்தாள்.

"அம்மாவோட டேலியா எங்கப்பா?"

மச்சான் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

"செவப்பு டேலியா. நானும் அம்மாவும்தான் தோண்டி எடுத்தோம். மத்ததெல்லாம் மண்ணுலயே கெடக்கட்டும், இது மட்டும் பனி தாங்காதுன்னு அம்மா சொன்னாங்க. அந்தப் பெட்டியிலதான் இருந்துச்சு. எங்க?"

விதையிலிருந்து ஐந்து வருடம் போராடி நீ எழுப்பிய செடி அது. நடுவில் கருஞ்சிவப்பு, ஒவ்வொரு இதழின் ஓரத்திலும் நகத்தால் கீறியது போல வெள்ளைக் கோடு. உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. அதைத்தான் கடுகு தாளித்துத் தின்றோம். சிந்து தட்டை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு, "நான் அம்மாவையா சாப்பிட்டேன்?" என்று கேட்டாள்.

இப்போது சொல், நான் யார்மேல் கோபப்படுவது? பெட்டியின்மேல் 'டேலியா' என்று எழுத உனக்கு ஒரு பென்சில் கிடைக்கவில்லையா? சாம்பார்ப் பொடி டப்பாவில் எழுதுவாய். மாத்திரை டப்பாவில்கூட நாய்க்கு, பூனைக்கு என்று எழுதுவாய். காப்பாற்ற வேண்டிய இரண்டு விஷயங்களில் மட்டும் ஏன் எழுதவில்லை? சொன்னால் நாங்கள் பயந்துவிடுவோம் என்றா? நாங்கள் பயந்திருப்போம். பயந்துகொண்டே உன்னை இழுத்துக்கொண்டு கோயமுத்தூருக்கு ஓடியிருப்போம். அந்த உரிமையை எங்களிடமிருந்து பறிக்க நீ யார்?

நிவேதா பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. பதினோரு யுகம். ஊட்டியிலும் குன்னூரிலும் நர்சரி நர்சரியாக ஏறி இறங்கினேன். வெள்ளைக் கோடு போட்ட சிவப்பு என்று சொன்னால், "அப்படி ஒண்ணு கெடையாதுங்க" என்றார்கள். ஒருவர் மட்டும், "நீங்க சொல்றது டேலியாவா, சேலை பார்டரா?" என்று கேட்டார். அவரோடு நான் போட்ட சண்டையில் லவ்டேல் வரைக்கும் தேயிலைச் செடிகள் தலைகுனிந்தன.

அப்புறம்தான் கலெக்டர் ஞாபகம் வந்தது. ஓடிப்போய்ப் பிள்ளைகளிடம் சொன்னேன். சும்மா சொன்னால் நான் ராசு இல்லையே. கலெக்டர் என் முன்னால் இரண்டு காலில் நின்று சல்யூட் அடித்தது, பேரழிவைத் தடுக்க முடிவு செய்தது, கிழங்கை வாயில் ஏந்திப் பட்டத்து யானை போல நடந்தது, காட்டெருமைகள் இருபுறமும் வரிசையாக நின்று வழிவிட்டன, தோட்டத்தில் எங்கோ அதை ராஜ மரியாதையோடு புதைத்துவிட்டது என்றேன்.

நிவேதா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போதும் மாமா. இன்னொரு புளுகு வேண்டாம்."

"இல்ல கண்ணு, நெஜமா..."

"எல்லாத்தையும் நெஜமான்னுதான சொல்றீங்க? சக்கரைவள்ளின்னும் நெஜமான்னுதான சொன்னீங்க."

வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் இரண்டாவது தடவை. முதல் தடவை உன் சிதைக்கு முன்னால்.

தோட்டத்துப் பக்கம் யாரும் போகவில்லை. நான் போய்த் தோண்டித் தேடலாம் என்றால், மச்சான் பின்வாசல் கதவையே சாத்தி வைத்துவிட்டார். "எல்லாத்தையும் எடுத்துட்டு சிமெண்ட் போட்டுரலாம் மாப்ளே. பாத்தாலே தாங்க முடியலீங்க," என்றார். நான் அவரோடும் சண்டை போட்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போட்டேன். "உங்க பொண்டாட்டி மேல எனக்கும் கோவந்தானுங்க. அதுக்குப் பட்டாணிக் கொடி என்னங்க பண்ணுச்சு?" என்றேன். சிமெண்ட்டைத் தள்ளிப் போட்டார். கதவை மட்டும் திறக்கவில்லை.

வீட்டுச் செய்தி வேறென்ன? போன வாரம் நிவேதா வயிறு வலிக்கிறது என்றாள். சொல்லி முடிப்பதற்குள் நானும் மச்சானும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தூக்கி ஜீப்பில் போட்டோம். ஒருவர் காலிலும் செருப்பில்லை. டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, "பிளம்ஸ் காயா தின்னியாம்மா?" என்று கேட்டார். நாலு காய் தின்றிருக்கிறாள். டாக்டர் சிரித்தார். நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அழுதோம். அவள்தான் எங்களைச் சமாதானப்படுத்தி வீட்டுக்குக் கூட்டிவந்தாள். சிறிய வலியைக்கூட ஒளிக்கக் கூடாது என்பது இப்போது இந்த வீட்டுச் சட்டம். நீ மீறியதற்காகப் போட்ட சட்டம்.

இன்று காலை சிந்து கத்திய கத்தல் பிக்கட்டி வரைக்கும் கேட்டிருக்கும். நல்லவேளை நான் இங்கேயே இருந்தேன். கலெக்டர் பின்வாசல் கதவைப் பிராண்டியிருக்கிறது, அவள் திறந்துவிட்டிருக்கிறாள். மேரக்காய்ப் பந்தலுக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டி ஓரத்தில், கலெக்டர் மண்ணை முகர்ந்துகொண்டு நின்றது. அதன் மூக்குக்கு முன்னால் ஒரு முளை. கருஞ்சிவப்புத் தண்டு, நாலு இலை.

நிவேதா முட்டி போட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, "மாமா, அந்தச் சல்யூட் அடிச்சதும் நெஜமா?" என்று கேட்டாள்.

மச்சான் களைக்கொத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். எங்கே வைத்தாய்?

இது அந்தச் சிவப்புதானா என்று பூத்தால்தான் தெரியும். பூத்தாலும் உன்மேல் எனக்குள்ள கோபம் தீராது, எதிர்பார்க்காதே. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். பனி விழுவதற்கு முன்னால் இதைத் தோண்டி மணலில் வைப்போம். பெட்டி கட்டிலுக்கடியில் இருக்காது, கூடத்தில் உன் படத்துக்குக் கீழே எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கும். மேலே என்ன எழுதுவது என்று சிந்து இப்போதே முடிவு செய்துவிட்டாள்: "அம்மா. சமைக்கக் கூடாது."

சல்யூட் பொய், அக்கா. காட்டெருமைகளும் பொய், லவ்டேல் தேயிலைச் செடிகளும் பொய். கலெக்டர் ஒரு கிழங்கைக் கவ்விக்கொண்டு போன அந்தச் சின்னத் துண்டு மட்டும் நிஜம்.

இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்ட,
உன் தம்பி ராசு